இருபத்திமூன்றுக்கு எடுத்து வைத்தது

அத்தியாயம் 11

நாட்டை ஆள்வது யார் என்று தெரியாமல் பதினெட்டு நாளாகியிருந்தது. சிட்டுவின் மாத்திரை டப்பாவில் மூன்றே மூன்றுதான் பாக்கி என்பது மட்டும் அந்த வீட்டில் எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

பழைய அரசு கவிழ்ந்ததும், புதிய அரசு நான்தான் என்று இரண்டு பேர் கிளம்பியிருந்தார்கள். ஆளுக்கொரு அலுவலகம், ஆளுக்கொரு சுகாதார அமைச்சர். அமைச்சர் இரண்டானார், மாத்திரை ஒன்றுகூட இல்லாமல் போயிற்று. துறைமுகம் பூட்டிக் கிடந்தது. அங்கே கிரேன் ஓட்டும் அந்த வீட்டு மூத்த பிள்ளைக்கு வீட்டுக்கு வரவும் அனுமதியில்லை. "மருந்துப் பெட்டி கண்ணுக்குத் தெரியுது, கொக்கிக்கு எட்டல" என்று போன வாரம் போனில் சொன்னதோடு சரி.

அவன் மனைவியைத் தெருவே 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற டீச்சர். வாசலில் நிற்கிற சிவப்பு எழுத்துப் போர்டு கார் அவளுடையது. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்துச் சீட்டுக் காலடியில் ஒரு பிரேக். பதினோரு வருடத்தில் அந்த இரண்டாவது பிரேக் எத்தனை குடும்பத்தைக் காப்பாற்றியது என்று அவளைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்லுவாள்.

சிட்டு அவளுடைய நாத்தனார். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. ஒரு காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை வலிப்பு வந்து விழுந்துகொண்டிருந்தவள், இந்த மாத்திரை சேர்ந்த பிறகு நாலு வருடமாக ஒரு தடவைகூட விழவில்லை. அந்த நாலு வருடத்தை நம்பித்தான் கடைக்காரர் அவளைச் சுழலும் கல்லின் முன்னால் உட்காரவிட்டிருந்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நடுவில் நிறுத்தவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

போன வாரம் எல்லாமே தீர்ந்துவிடும் என்று வீடு கலங்கிக் கிடந்தபோது, சிட்டுவே டாக்டரைப் பார்த்து ஐந்து சாம்பிள் மாத்திரை வாங்கி வந்தாள். அதில் கொஞ்ச நாள் ஓடியது. இன்று காலை ஒன்று போட்டது போக, மூன்று.

"வணக்கம். ஒரு விசாரணை."

கூடத்து மூலையில் மாமியார் ஆரம்பித்துவிட்டார். கைபேசிக் கோபுரங்கள் நாளுக்கு ஒரு மணி நேரம் வேலை செய்தாலே பெரிய விஷயமாக இருந்த அந்த நாட்களில், யாரும் தொடாமல் கிடந்த லேண்ட்லைனுக்கு ராஜ மரியாதை வந்திருந்தது. அதன் முன்னால் உட்காரத் தகுதியான ஆளும் வீட்டிலேயே இருந்தார். முப்பத்தாறு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஓய்வு பெற்ற பிறகுதான் மகனுக்குக் கல்யாணம் செய்தார். அதனால் மாமியாரின் அந்த அவதாரத்தை டீச்சர் இந்தப் பதினெட்டு நாளில்தான் முதல் முறையாகப் பார்த்தாள்.

முதுகு நேராகிவிடும். குரல் மாறிவிடும். வீட்டில் 'ஏம்மா, அந்த விளக்கை அணையேன்' என்று இழுத்துப் பேசுகிறவர், ரிசீவரைத் தூக்கியதும் தண்ணீரில் கழுவி எடுத்த மாதிரி ஒரு குரலில் பேசுவார். யார் எவர் என்று சொல்லமாட்டார். நலமா என்று கேட்கமாட்டார்.

"அத்தை, நான் கிளம்பறேன். இன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கத்துக் கடைங்களைப் பார்த்துட்டு வரேன்."

மாமியார் திரும்பாமலே ஒரு விரலைத் தூக்கினார். லைனில் இருக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக்கூடாது. எக்ஸ்சேஞ்ச் சட்டம்.

"சிட்டுவை ரெண்டு மணிக்குக் கடையில இருந்து கூட்டிட்டுப் போய் டாக்டரைப் பார்க்கணும். வேற மாத்திரை எழுதித் தரச் சொல்லணும்."

இரண்டாவது விரலும் எழுந்தது. டீச்சர் வாயை மூடிக்கொண்டு சாவியை எடுத்தாள். மணி அப்போது எட்டரை.

*

'இல்லை' என்ற ஒரு சொல்லை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அன்று காலை டீச்சருக்குப் பாடம் நடந்தது.

ஒரு கடையில் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. குனிந்து கேட்டாள், உள்ளேயிருந்தும் ஒருவர் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இன்னொன்றில் பவுடரும் பல்துலக்கும் பசையும்தான் அலமாரி நிறைய. "முகத்துக்கு வேணும்னா கேளுங்க, மூளைக்கு ஒண்ணும் இல்ல" என்று அந்த ஆள் தானே சொல்லித் தானே சிரித்தார். ஆறாவது கடைக்காரர்தான் கொஞ்சம் இரக்கப்பட்டார்.

"பாலத்தை ஒட்டி, தபால் ஆபீஸ் பின்னாடி ஒரு சின்னக் கடை இருக்கு. அந்த ஆள் பதுக்கவும் மாட்டான், கூட விலை சொல்லவும் மாட்டான். அங்க போய்ப் பாருங்க."

சின்னக் கடைதான். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். மருந்தாளருக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான மனிதர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காது உடைந்து, புண்ணுக்குக் கட்டுகிற பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டியிருந்தார். அவருக்கு எதிரே காக்கிச் சட்டை போட்ட பஸ் கண்டக்டர் ஒருவர் காலி மாத்திரை அட்டையை விரலால் நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தார். பஸ்ஸே ஓடாத நாளில் ஏன் சீருடை என்று டீச்சருக்குத் தோன்றியது. அப்புறம் அந்த அட்டை கண்ணில் பட்டது. சிட்டுவின் மாத்திரைதான். அதே பச்சைக் கோடு.

"என் பொண்டாட்டிக்குங்க," என்றார் கண்டக்டர், அவள் பார்வையைப் பார்த்து. "நேத்து ராத்திரியோட தீர்ந்து போச்சு."

"இருக்கா?" என்று டீச்சர் நேராக மருந்தாளரைக் கேட்டாள்.

அவர் ஒரு நொடி தயங்கினார். பொய் சொல்லத் தெரியாத முகம். "இருக்குங்க. ரெண்டு பெட்டி. ஆனா வேற ஒருத்தருக்கு எடுத்து வெச்சிருக்கேன்."

பின்னாலிருந்த தட்டைக் காட்டினார். இரண்டு பெட்டிகளையும் ஒரு ரப்பர் பேண்டு சேர்த்துப் பிடித்திருந்தது. நடுவில் சொருகிய துண்டுக் காகிதத்தில் 23 என்று எழுதியிருந்தது.

"இது என்ன டோக்கனா?"

"பேர் கேட்டேன். சொல்லல. 'இருபத்திமூணுன்னு எழுதிக்குங்க, வீட்டுல இருந்து வருவாங்க'ன்னாங்க. காலைல முதல் போன் அவங்களோடதுதான். இருக்குன்னேன், எடுத்து வைங்கன்னாங்க, சரின்னுட்டேன். நாலு மணி வரைக்கும் வெச்சிருக்கிறதா சொல்லியிருக்கேன்."

"இவர் நேர்ல வந்து நிக்கறாரு. நான் நிக்கறேன். போன்ல பேசினவங்களுக்கு நம்பரைப் போட்டு எடுத்து வெச்சிருக்கீங்களே!"

"சொன்ன சொல்லுங்க," என்றார் அவர், மெதுவாக. "உங்களுக்குச் சொல்லியிருந்தா உங்களுக்கும் வெச்சிருப்பேன்."

டீச்சரின் இரண்டு கையும் இடுப்புக்குப் போயின. வண்டியைச் சாக்கடைக்குள் விடப் பார்த்த மாணவர்கள் மட்டுமே அறிந்த நிலை அது.

"ஒரு பெட்டிக்கு நூறு மாத்திரை. ரெண்டு பெட்டின்னா நூறு நாளைக்கு! ஊரே ஒரு அட்டைக்கு அலையுது, ஒருத்தருக்கு எதுக்குங்க இருநூறு? யாரு அந்த மகராசி? பேரைச் சொல்லக்கூட வெக்கம், நம்பரைச் சொல்லிப் பதுக்கறாங்க! வருவாங்க இல்ல? வந்தா நான் கேட்டேன்னு கேளுங்க. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கான்னு கேளுங்க. இருந்தா ஒரு பெட்டியை இப்படிக் காத்து நிக்கறவங்களுக்கு விட்டுக் கொடுக்கட்டும்!"

"சொல்றேங்க."

"நான் சொன்னதாவே சொல்லுங்க!"

கண்டக்டர் கடைப் படியில் உட்கார்ந்தார். "நான் இங்கயே இருக்கேங்க. அவங்க வந்தா காலைப் பிடிச்சாவது கேட்டுப் பாக்கறேன்."

டீச்சருக்கும் உட்கார்ந்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் மணி ஒன்றரை. சிட்டு காத்திருப்பாள். கார் கதவை அவள் சாத்திய சத்தத்தில் தபால் ஆபீஸ் புறாக்கள் எழும்பிப் பறந்தன.

*

கண்ணாடிக் கடை வாசலில் சிட்டு கை துடைத்துக்கொண்டு நின்றிருந்தாள். விரல் நகத்தைச் சுற்றி வெள்ளையாகக் கண்ணாடித் தூள். ஏறி உட்கார்ந்ததும் வழக்கம்போல் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை லேசாக வைத்துக்கொண்டாள். வலிப்பு உள்ளவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது. "எனக்குச் சட்டப்படி அனுமதிச்ச ஒரே பெடல் இதுதான் அண்ணி" என்று அடிக்கடி சொல்லுவாள்.

இன்று சொல்லவில்லை. ஒரு தெரு தாண்டியும் பேசவில்லை.

"என்னடி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அண்ணி, டாக்டர்கிட்ட போனதும் நீங்க சாம்பிளைப் பத்தி எதுவும் கேக்காதீங்க."

"ஏன்?"

"டாக்டர் சாம்பிள் எதுவும் கொடுக்கல."

டீச்சர் கியரை மாற்றினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால்தான் சிட்டு முழுசாகச் சொல்லுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"அஞ்சு நாளா பாதி பாதியா உடைச்சுப் போட்டு அந்த அஞ்சையும் மிச்சம் பிடிச்சேன். அம்மா தூங்காம ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தாங்க. அண்ணன் வேற அங்க மாட்டிக்கிட்டு இருக்கான். அஞ்சு மாத்திரை இருக்குன்னு சொன்னா எல்லாரும் ரெண்டு நாளாவது நிம்மதியா இருப்பீங்களேன்னு…"

"சிட்டு."

"நேத்து சாயங்காலம் ஒரு லென்ஸைக் கையில பிடிச்சிருந்தேன். அடுத்து பாத்தா அது கீழ கிடந்துது. நடுவுல என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியல அண்ணி. ஒரு செகண்டுதான் இருக்கும். கல்லு ஓடிட்டிருந்துது."

அவள் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள். பத்து விரலும் இருந்தன.

டீச்சருக்குத் திட்ட வேண்டும் போலிருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கையில் ஸ்டியரிங் இருந்ததால் இரண்டும் முடியவில்லை. பயம் முழுக்கக் கோபமாகி, திரும்பும் இடம் தெரியாமல் முன்பின் அறியாத ஒரு பெண்ணின் தலையில் போய் இறங்கியது.

"இருக்கு சிட்டு! உன் மாத்திரை இந்த ஊர்ல இருக்கு! பாலத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு பெட்டி, கண்ணால பார்த்துட்டு வரேன். எவளோ ஒரு மகராசி போன் பண்ணி எனக்கு எடுத்து வைன்னிருக்கா, அவரும் கர்ணன் பரம்பரை மாதிரி எடுத்து வெச்சிருக்காரு. பேர் சொல்லமாட்டாளாம். நம்பர்தானாம். இருபத்திமூணாம்! ஜெயில்லயா இருக்கா, நம்பரைச் சொல்றதுக்கு…"

கார் நடுரோட்டில் அப்படியே நின்றது.

டீச்சர் பிரேக் போடவில்லை. சிட்டுவின் பாதம் முழுசாக அமுங்கியிருந்தது. பின்னால் வந்த சைக்கிள்காரர் ஏதோ சொல்லிக்கொண்டே சுற்றிப் போனார்.

"என்னடி? என்ன பண்ணுது உனக்கு? என்னைப் பாரு!"

சிட்டுவுக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"அண்ணி… அம்மாதான் இருபத்திமூணு."

"என்ன?"

"எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டருக்குப் பேர் கிடையாது. நம்பர்தான். வெளியூர்க் கால் கேட்டு யார் கூப்பிட்டாலும் 'டிரங்க் புக்கிங், இருபத்திமூணு'ன்னுதான் போனை எடுப்பாங்க. சின்ன வயசுல நான் தூக்கத்துல அழுதா 'இருபத்திமூணு பேசறேன், என்ன வேணும்?'னு கேட்டுட்டுதான் எழுந்திரிப்பாங்க. அண்ணி, அது நம்ம மாத்திரை!"

டீச்சர் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்தாள். ஹாரன் அடித்தது.

"நான் அத்தையை மகராசின்னு சொல்லிட்டேன்."

"அது நல்ல வார்த்தைதானே?"

"நான் சொன்ன தினுசுல இல்லடி."

*

பாலத்தில் சோதனை. காரை நிறுத்திய போலீஸ்காரருக்குத் தான் எந்த அமைச்சர் பக்கம் என்று நிச்சயமில்லாததால், எதைத் தேடுவது என்றும் நிச்சயமில்லை. டிக்கியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். முன்னால் பதினாறு வண்டிகள். கடை வாசலில் அவர்கள் இறங்கியபோது மணி மூன்று முப்பத்தைந்து.

பெட்டிகள் அங்கேயே இருந்தன. கண்டக்டரும் படியில் அங்கேயே இருந்தார்.

"அந்த இருபத்திமூணு எங்க மாமியார்தாங்க!" என்றாள் டீச்சர் மூச்சிரைக்க.

மருந்தாளர் அவளைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

"அம்மா, அந்த நம்பரை உங்களுக்குச் சொன்னதே நான்தான்."

"ஆமா, ஆனா…"

"அப்ப உங்களுக்கு அவங்க யாருன்னே தெரியாது. மனசாட்சி இருக்கான்னு கேக்கச் சொன்னீங்க."

"நானும் பக்கத்துலதான் இருந்தேன்," என்று கண்டக்டர் சாட்சி சொன்னார். குரலில் குற்றச்சாட்டு இல்லை, வருத்தம்தான் இருந்தது. இந்த அம்மாள் இப்படிச் செய்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

டீச்சருக்கு முகம் சுட்டது. நியாயம் முழுக்க அந்த மனிதர் பக்கம். அவள் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டாள்.

"வீட்டுக்குப் போன் போட்டுத் தரேன், நீங்களே கேளுங்க," என்றாள் சிட்டு.

மருந்தாளர் கடை போனைத் தள்ளினார். சிட்டு எண்ணைச் சுழற்றினாள். கொட்… கொட்… கொட். எங்கேஜ்டு. மறுபடி. எங்கேஜ்டு. இரண்டு பெட்டி பிடித்ததோடு விட்டுவிடுகிற ஆளா அம்மா? மூன்றாவது பெட்டிக்கு ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருப்பார்.

மூன்று நாற்பது. மூன்று நாற்பத்தைந்து.

சும்மா நிற்க சிட்டுவால் முடியாது. "இதை யாருங்க இப்படி ஒட்டினது?" என்று மருந்தாளரின் மூக்கைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்தான். ஏன்?"

"கண்ணாடிக்குக் காயம் பட்ட மாதிரி இருக்கு. கழட்டுங்க."

"இல்ல, இது இல்லாம எனக்கு…"

"ரெண்டு நிமிஷம்தான். கழட்டுங்கன்னா."

என்னவோ, அவர் கழற்றிக் கொடுத்துவிட்டார். சிட்டு கைப்பையிலிருந்து பென்சில் நுனி மாதிரி ஒரு திருப்புளியை எடுத்து, பிளாஸ்டரை உரித்து, உள்ளே வளைந்து கிடந்த கீலைத் தட்ட ஆரம்பித்தாள்.

அப்போது கடை போன் அடித்தது.

மருந்தாளர் தடவித்தான் எடுத்தார். ரிசீவரைத் தாண்டிக் கடை முழுக்கக் கேட்டது அந்தக் குரல், தெளிவாக, அவசரமில்லாமல்.

"வணக்கம். இருபத்திமூணு. காலைல எட்டு நாப்பதுக்கு ஒரு புக்கிங் பண்ணியிருந்தேன். இன்னும் நிலுவையில இருக்கா?"

"அத்தை!" என்று டீச்சர் பாய்ந்தாள். மருந்தாளர் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"இருக்கும்மா. உங்க வீடுன்னு சொல்லி ரெண்டு பேர் வந்திருக்காங்க. அவங்க பேரை மட்டும் சொல்லுங்க, கொடுத்துடறேன்."

"லைன்ல பேர் சொல்றதில்ல."

"இது அவசரம்மா."

"அவசரக் கால்லயும் சொல்றதில்ல. முப்பத்தாறு வருஷத்துல சொன்னதில்ல."

"அத்தை, நான்தான்! பேரைச் சொல்லித் தொலைங்க!"

"பின்னாடி ஏதோ கூச்சல் வருதே. குறுக்கு லைனா?"

மருந்தாளர் நெற்றியைத் தேய்த்தார். "சரிம்மா. பேர் வேண்டாம். வரப்போறவங்க எப்படி இருப்பாங்கன்னு சொல்லலாமா?"

மறுமுனை யோசித்தது. சட்டத்தில் அதற்குத் தடை இல்லை போலிருக்கிறது.

"மருமக. தங்கமான பொண்ணு. ஆனா கொஞ்சம் சத்தமாப் பேசுவா. கோபம் வந்தா ரெண்டு கையையும் இடுப்புல வெச்சுக்குவா." குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்ட மனசாட்சி, நியாயம்னு ஏதாவது கேட்டாளா? கேட்டிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

மருந்தாளர் கண்ணைச் சுருக்கி டீச்சர் இருக்கும் திசையைப் பார்த்தார். கண்ணாடி சிட்டுவின் கையில் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியல… எங்க வெச்சிருக்காங்க கையை?"

"இடுப்புலதாங்க," என்றார் கண்டக்டர். "ரெண்டு கையும்."

*

ரப்பர் பேண்டைக் கழற்றி, மருந்தாளர் இரண்டு பெட்டியையும் மேசைமேல் வைத்தார். சிட்டுவின் மருந்துச் சீட்டைப் படித்தார். அளவு சரியாக இருந்தது.

டீச்சர் கையை வைத்தாள். லேசான அட்டைப் பெட்டிகள். இருநூறு மாத்திரை. நூறு நாள். துறைமுகம் எப்போது திறக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. கிரேன் மேல் உட்கார்ந்திருக்கிற அவள் கணவனுக்கே தெரியாது. நூறு நாள் என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். சிட்டுவின் பத்து விரலும் பத்திரம்.

கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை. காலைப் பிடிப்பேன் என்று சொன்ன மனிதர், இப்போது எழுந்து சுவரோரமாக ஒதுங்கி, அவர்கள் வெளியே போக வழிவிட்டு நின்றார். அதைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை. கேட்டிருந்தால்கூட, முடியாது என்று சொல்லியிருப்பாளோ என்னவோ.

முன்பின் தெரியாத ஒருத்தியின் பெட்டியை விட்டுக் கொடுக்கச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருந்தது! மூச்சு விடாமல் சொன்னாளே. இப்போது கை மேசையிலிருந்து எழ மறுக்கிறது.

இருந்தாலும் இது அவள் உடம்புக்குப் போகிற மாத்திரை இல்லை. அவள் சிட்டுவைப் பார்த்தாள்.

சிட்டு கண்ணாடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வையை எடுக்காமலே சொன்னாள்:

"ஒரு பெட்டி அம்பது நாளைக்கு வரும் அண்ணி. முழு மாத்திரையாப் போட்டாலே."

டீச்சர் ஒரு பெட்டியைக் கண்டக்டர் பக்கம் நகர்த்தினாள். "உங்க சீட்டைக் காட்டுங்க அவர்கிட்ட," என்றாள். "சீக்கிரம். நான் மனசு மாறிடுவேன்."

கண்டக்டர் பெட்டியை எடுத்தார். முதலில் காலாவதித் தேதியைப் படித்தார். தோள்பட்டையில் தொங்கிய டிக்கெட் பைக்குள் வைத்து, பித்தளைக் கொக்கியை மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். அதற்கப்புறம்தான் அவருக்குப் பேச்சு வந்தது.

"பஸ் ஓட ஆரம்பிச்சதும்… எங்கயாவது போகணும்னா சொல்லுங்க. எந்த ஊரா இருந்தாலும் சரி."

"எனக்குக் கார் இருக்குங்க."

"ஆமா இல்ல," என்றார் அவர். சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு படி இறங்கினார். தெருவைத் தாண்டும்போது நடை ஓட்டமாக மாறியது.

சிட்டு கண்ணாடியை நீட்டினாள். மருந்தாளர் மாட்டிக்கொண்டு, முதல் முறையாக நேராகத் தெரிகிற உலகத்தைப் பார்க்கிற மாதிரி அலமாரியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கடைசியில் சிட்டுவைப் பார்த்தார்.

"எவ்வளவு தரணும்?"

"இது தற்காலிகம்தான். கீல் தேஞ்சு போச்சு. வியாழக்கிழமை கடைக்கு வாங்க, மாத்தணும்."

"வியாழக்கிழமையா? நாளைக்கு வந்தா?"

"நாளைக்கு வந்தாலும் மாத்தலாம்," என்றாள் சிட்டு, திருப்புளியை மிகக் கவனமாக மூடிக்கொண்டே.

டீச்சர் வெளியே பார்த்தாள். கற்றுக்கொடுக்கிறவளுக்கு எப்போது பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும் என்றும் தெரியும்.

*

"ஒண்ணுதானா?" என்றார் மாமியார். "நான் ரெண்டு இல்ல புக் பண்ணினேன்?"

டீச்சர் நடந்ததைச் சொன்னாள். மகராசியை மட்டும் விட்டுவிட்டாள். மாமியார் கேட்டுக்கொண்டே பெட்டியை மூன்று முறை திருப்பிப் பார்த்தார். முகத்தில் கொஞ்ச நேரம் கணக்கு ஓடியது. ஐம்பது நாள் எங்கே, நூறு நாள் எங்கே. காலையிலிருந்து சுழற்றிச் சுழற்றி வீங்கியிருந்த ஆள்காட்டி விரலைத் தடவிக்கொண்டார்.

"போகட்டும்," என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணுக்கும் நேத்தே தீர்ந்து போச்சாமே." பிறகு, விட மனமில்லாமல், "ஏம்மா, பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சுப் பேசக்கூடாதா?"

"நீங்க பேசும்போது பேரைச் சொல்லக்கூடாதா?"

இருவரும் ஒருவரை ஒருவர் முறைத்தார்கள். முதலில் சிரித்தது மாமியார்தான்.

ஏழு மணிக்குச் சிட்டு புதுப் பெட்டியைப் பிரித்தாள். பாதி பாதியாகப் போட்டது, லென்ஸ் விழுந்தது எல்லாவற்றையும் அம்மாவிடம் அவளே சொன்னாள். கல்லின் முன்னால் ஒரு வாரம் உட்காரப்போவதில்லை, டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் என்று அவளே சொன்னாள். மாமியார் தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, மாத்திரை தொண்டையில் இறங்கும் வரை அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதினெட்டு நாளில் முதல் முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

போன் அடித்தபோது மூவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர்தான் எடுத்தாள்.

"கிடைச்சுடுச்சா?" கணவனின் குரல். பின்னால் காற்று.

"கிடைச்சுடுச்சுங்க! அம்பது நாளைக்கு! உங்க அம்மாவாலதான்."

மறுமுனையில் அவன் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. "அப்பாடா. இன்னொரு சேதி. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு முதல் பெட்டியைத் தூக்கச் சொல்லிட்டாங்க. மருந்துப் பெட்டி. என் கிரேன்தான்."

டீச்சர் கத்தியதில் சிட்டுவும் எழுந்து வந்து ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டாள். "யாருங்க உத்தரவு போட்டது? எந்த அமைச்சர்?"

"ரெண்டு பேரும்தான்."

"ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்களா?"

"சேரல. ஒருத்தர் வடக்கு கேட்டுல இறக்குன்றாரு. இன்னொருத்தர் தெற்கு கேட்டுல இறக்குன்றாரு. ரெண்டு பக்கமும் லாரி வந்து நிக்குது, ஆளுங்க நிக்கறாங்க. என் கிரேனுக்குக் கொக்கி ஒண்ணுதானே?"

"நீங்க எந்தப் பக்கம் இறக்கப் போறீங்க?"

காற்று மட்டும் கேட்டது.

"ஏங்க? எந்தப் பக்கம்?"

ஒரு சின்னச் சத்தம். அதற்கப்புறம் ஒன்றுமில்லை.

"பாழாப்போன லைன், கட் ஆயிடுச்சு," என்று டீச்சர் போனைத் தட்டினாள்.

மாமியார் எழுந்து வந்து ரிசீவரை வாங்கினார். காதில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். நாற்காலியில் சாய்ந்திருந்த முதுகு மறுபடி நேராகியிருந்தது.

"லைன் நல்லாத்தான் இருக்கு," என்றார். "அவனாத்தான் போனை வெச்சிருக்கான்."